அள்ளுகிற அழுக்கும் அள்ள முடியாத அழுக்கும்

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வழக்கமாக ஓடுவது இரண்டே சங்கதி. ஒன்று நூல் விலை, இன்னொன்று ஷிப்மெண்ட் தேதி. அதற்கு நடுவில் யாரோ ஒரு வீடியோவைத் தட்டிவிட்டிருந்தார்கள். ஐந்து பையன்கள், இருபதைத் தாண்டி ஓரிரண்டு வயசு இருந்தால் அதிகம். மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, கன்னங்கரேலென்று குப்பை அடைத்து நிற்கிற ஒரு கால்வாய்க்குள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு. அவ்வளவுதான் வீடியோ.

கீழே ஒருத்தர் "இதெல்லாம் வியூஸுக்காகப் பண்றதுங்க" என்று போட்டிருந்தார். இருக்கட்டுமே. வியூஸுக்காக என்னென்னவோ பண்ணுகிற காலத்தில், சாக்கடைக்குள் இறங்கியாவது வியூஸ் வாங்குகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த அண்ணன் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இவர்கள் யார், என்னதான் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அதில் விளைந்தது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பையன்கள் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துக்காரர்கள். கூட்டாளிகள் ஐந்து பேர் என்பதால் பாண்டவர் பெயரைச் சேர்த்து 'பாண்டவாரா' என்று குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். (முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கிற நாடுதான், ஆனால் பொம்மலாட்டத்தில் இன்றைக்கும் அர்ஜுனனும் பீமனும் ஆடுகிற ஊர் அது.) மழைக்காலத்தில் பக்கத்துச் சிற்றாறு குப்பையால் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வெள்ளம் வருவதைப் பார்த்துச் சலித்துப்போய், தாங்களே இறங்கி அள்ளியிருக்கிறார்கள். 2022-ல் அதை டிக்டாக்கில் போட, பற்றிக்கொண்டது.

2023-ல் இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். 'நாட்டிலேயே அழுக்கான கடற்கரை' என்று தாங்களாகவே பட்டம் கட்டி, வாங்க அள்ளலாம் என்று ஊரைக் கூப்பிட்டார்கள். பாந்தன் மாகாணத்து லாபுவான் பக்கம் ஒரு கடற்கரை, லம்பூங்கில் சுகராஜா, சுகபூமி பக்கம் லோஜி என்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். லோஜிக்கு மட்டும் ஒரு சிக்கல். உள்ளூர் நிர்வாகத் தரப்புக்குக் கோபம் வந்துவிட்டது. அனுமதி வாங்கினீர்களா, எங்கள் ஊரை அழுக்கு ஊர் என்று உலகத்துக்கே சொல்லலாமா என்று கேட்டார்கள். குப்பை வருஷக்கணக்காகக் கிடந்தபோது கெடாத ஊர்ப்பேர், நாலு பிள்ளைகள் காமெராவோடு வந்ததும் கெட்டுப்போகிறது. இந்த வியாதிக்கு எல்லா தேசத்திலும் ஒரே அறிகுறிதான் போலிருக்கிறது. கடைசியில் சமாதானமாகி அங்கேயும் அள்ளினார்கள்.

ஆனால் கடற்கரையில் கிடக்கிற குப்பையில் பெரும்பகுதி அங்கே போடப்பட்டதே இல்லை. ஆறு கொண்டுவந்து கடலில் தள்ளியதை அலை திருப்பிக் கரையில் எறிகிறது. ஆற்றை விட்டுவிட்டுக் கரையைக் கூட்டினால் அடுத்த மழையில் பழைய கதைதான். இதைத் தன் அனுபவத்தில் கண்டுபிடித்து வழியை மாற்றிக்கொண்ட இன்னொரு கூட்டம் அதே நாட்டில் இருக்கிறது. எனக்கு அவர்கள் கதைதான் அதிகம் பிடித்தது.

பாலித் தீவில் வளர்ந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். அக்கா கெல்லி, தம்பிகள் கேரி, சாம். குடும்பப் பெயர் பென்செகிப். 2009-ல், மூவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கும்போது, வாராவாரம் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்க ஆரம்பித்தார்கள். பொறுக்கினார்கள், பொறுக்கினார்கள், பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். மழைக்காலம் வந்தால் கரை மறுபடி நிரம்பிவிடும். சரி, இது வருகிற வழியைப் பார்ப்போம் என்று ஆறுகள் பக்கம் திரும்பினார்கள்.

2017 ஆகஸ்டில் கேரியும் சாமும் ஒரு கிறுக்கு வேலை செய்தார்கள். தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களையும் மூங்கிலையும் கட்டி இரண்டு துடுப்புப் படகு செய்து, மேற்கு ஜாவாவின் சித்தாரும் ஆற்றில் இரண்டு வாரம் போனார்கள்.

சித்தாரும் எந்த மாதிரி ஆறு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சாயம் ஓடுகிற ஆறு. முன்னூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வாயாங் மலையடியில் சிசாந்தி என்ற ஏரியில் சுத்தமாகப் பிறக்கிறது. மஜலாயா பகுதிக்கு வந்ததும் ஜவுளி ஆலைகள் சேர்ந்துகொள்கின்றன. இன்ன நாளைக்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஆறாக அது பாண்டுங் பக்கம் வருகிறது. அதற்குப் பிறகு சகுலிங், சிராத்தா, ஜாத்திலுஹூர் என்று வரிசையாக மூன்று அணை. ஜகார்த்தாவுக்குக் குடிநீருக்கான தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. சாயத்தோடு, ஊர்ச் சாக்கடை, மாட்டுச்சாணம், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து, உலகத்திலேயே மோசமான ஆறு என்று பத்திரிகைகள் எழுதுகிற அளவுக்குப் போயிற்று. 2008-லேயே ஆசிய வளர்ச்சி வங்கி இந்த ஆற்றுப்படுகைக்காக 50 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் உலகம் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டில் படகில் இரண்டு பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன வீடியோவில் திறந்தது.

இங்கே ஒரு கசப்பைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அதற்குப் பல வருஷம் முன்னாலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் ஆர்வலர்கள் ஆலைகள்மேல் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படகில் வந்தால்தான் காது கேட்கும் என்றால் அந்தக் காதைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான். அதில் அந்தப் பிள்ளைகளின் தப்பு ஒன்றுமில்லை. கிடைத்த கவனத்தை அவர்கள் வீணடிக்கவும் இல்லை.

சில மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், அதிபர் ஜோகோவி 'சித்தாரும் ஹாரும்' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த மாதமே அதிபர் ஆணை வந்தது. ஏழு வருஷத்தில், அதாவது 2025-க்குள், ஆற்று நீரைக் குடிக்கிற தரத்துக்குக் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி. ராணுவத்தை இறக்கினார்கள். ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கர்னலைப் பொறுப்பாக்கினார்கள். கழிவை அப்படியே ஆற்றில் விட்ட ஆலைகளின் குழாய்களைச் சிப்பாய்கள் கான்கிரீட் போட்டு அடைத்த படங்களெல்லாம் வந்தன. 2025 வந்தது, போனது. ஆறு முன்னைக்கு மேல் என்கிறார்கள். அள்ளிக் குடிக்கிற மாதிரி ஆகவில்லை.

அந்த மண்ணில் வாக்குறுதிக்கும் ஆற்றுக்கும் பழைய உறவு உண்டு. ஜகார்த்தாவின் வடபகுதியில் துகு என்ற இடத்தில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. தாரும நாட்டு அரசன் பூர்ணவர்மன் வெட்டுவித்தது. மொழி சமஸ்கிருதம், எழுத்து நம் மாமல்லபுரத்துப் பல்லவர் எழுத்தின் உறவு. கோமதி என்ற கால்வாயை 21 நாளில் வெட்டி முடித்ததாக அதில் பெருமை அடித்துக்கொள்கிறான். வேலை முடிந்த பிறகுதான் கல்லில் பொறித்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போதெல்லாம் கல்வெட்டு முதலில் வந்துவிடுகிறது.

சரி, அந்த மூன்று பேரிடம் வருவோம். படகு வீடியோவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2020-ல் அவர்கள் 'சுங்காய் வாட்ச்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். செய்வது ரொம்பச் சாதாரண வேலை. சிற்றாறுகளின் குறுக்கே மிதக்கிற தடுப்பு ஒன்றைக் கட்டுகிறார்கள். மிதவைகளை வரிசையாகக் கோத்து, கீழே கம்பித் தட்டி தொங்கவிட்டது. தண்ணீர் அடியில் போய்விடும், மீன் போய்விடும், மிதந்து வருகிற குப்பை மட்டும் நிற்கும். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம். நின்ற குப்பையைத் தினமும் ஆள் இறங்கி அள்ள வேண்டும். ஒரு நாள் விட்டாலும் குப்பை சேர்ந்து அணை மாதிரி ஆகிவிடும். பெருமழை வந்தால் கட்டினதே பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே உள்ளூர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர்களை நம்பி ஆற்றில் தடுப்புக் கட்ட முடியாது என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டதுதான் என்னைக் கவர்ந்த முதல் விஷயம். பாலியிலும் கிழக்கு ஜாவாவிலுமாக முன்னூறு தடுப்புகளைத் தாண்டிவிட்டார்கள். அள்ளிய பிளாஸ்டிக் 20 லட்சம் கிலோவுக்கு மேல். 2022-ல் கேரிக்கு மகசேசே விருது கொடுத்தார்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அள்ளியதை அவர்கள் கொண்டுபோய்க் கொட்டிவிடுவதில்லை. கொட்டகையில் பரப்பி, கழுவி, வகைவகையாகப் பிரிக்கிறார்கள். பாட்டில் தனி, மூடி தனி, ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற தண்ணீர்க் கப் தனி, காபித்தூள் சாஷே தனி, மெல்லிசு கவர் தனி, செருப்பு தனி. அதோடு உறையில் இருக்கிற கம்பெனிப் பேரைப் படித்து எண்ணி எழுதிக்கொள்கிறார்கள். வருஷக் கடைசியில், எங்கள் ஆறுகளில் அதிகம் மிதந்த பிராண்டுகள் இவை என்று வரிசைப்படுத்தி அறிக்கை வெளியிடுகிறார்கள். அதுவரைக்கும் 'பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு, தங்கள் பெயர் அச்சில் வந்ததும் பேச்சுவார்த்தைக்கு நேரம் கிடைக்கிறது.

மெல்லிசு கவர் கதையையும் சொல்ல வேண்டும். அதுதான் குப்பையில் பெரிய பங்கு, அதைத்தான் யாரும் விலைக்கு எடுக்க மாட்டார்கள். நம் காயலான் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், பாட்டிலுக்கு ஒரு விலை சொல்வார்; கவர் என்றால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். இவர்கள் அந்தக் கவர்களைக் கழுவி, சூட்டில் அழுத்திப் பலகையாக்கி, நாற்காலி செய்கிறார்கள். ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் கவர். விலை நம்மால் தாங்காது. அதில் உட்காருகிறவர்கள் பாலிக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள்தான். இருந்தாலும், விலையே இல்லாத சரக்குக்கு ஒரு விலை வைத்துப் பார்த்தார்களே.

பாலியில் பிளாஸ்டிக்கை எதிர்த்துக் கிளம்பிய இன்னொரு கூட்டமும் சின்னப் பிள்ளைகள்தான். 2013-ல் மெலாத்தி, இசபெல் விய்சென் என்ற அக்கா தங்கை, வயது 12, 10, பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று இயக்கம் தொடங்கினார்கள். ஆளுநரைப் பார்க்க முடியாமல் அலுத்துப்போய், காந்தி வழியில் உண்ணாவிரதம் அறிவித்தார்கள். சூரியன் உதிக்கும்போது தொடங்கி மறையும்வரை மட்டும், அதுவும் சத்துணவு நிபுணர் மேற்பார்வையில்! சிரிப்பாக இருக்கிறது அல்லவா, ஆனால் ஆளுநர் உடனே கூப்பிட்டுப் பேசிவிட்டார். 2019-ல் பாலியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும் அதே வருஷம் ஜனவரி 1. தடை எப்படி நடக்கிறது என்று நம் தெருமுனைப் பூக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் படித்தபோது ஒரு திருப்பூர்க்காரனாக எனக்குத் தோன்றியது இது. தடுப்பு கட்டுகிறவர்கள், சாக்கடையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அள்ளுவது கையில் பிடிபடுகிற அழுக்கை. சித்தாருமைக் கொன்ற சாயம் கையில் பிடிபடாது. எங்கள் நொய்யலைக் கொன்றதும் அதுதான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு நொய்யல். பாசனத்துக்கு என்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். அணையில் நிறைந்தது சாயத்தண்ணீர். தண்ணீர் விடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்டுக்கொண்ட அணை உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. எந்தத் துடைப்பத்தாலும் அது தீரவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வருஷக்கணக்காக நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவே வெளியில் வராத சுத்திகரிப்பு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றுபோனது. வேலை போய் ஊருக்குத் திரும்பினவர்கள் எத்தனையோ பேர். அதற்கப்புறம்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உருப்படியாக ஓட ஆரம்பித்தன. சாயத்தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் திருப்பி எடுத்து, தண்ணீரை மறுபடி பட்டறைக்கே அனுப்புகிற ஏற்பாடு. செலவு அதிகம். ஆனால் நடக்கிறது. பாண்டுங்காரர்கள் நம்மிடம் வந்து பார்க்க வேண்டிய பாடம் இது. மழை நாள் இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இன்னும் ஒழியவில்லை என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

ஆக, நாம் அள்ள முடியாததைக் கொஞ்சம் பிடித்துவிட்டு, அள்ள முடிந்ததை விட்டுவிட்டோம். அவர்கள் அப்படியே தலைகீழ்.

அள்ள முடிந்ததை அள்ளுகிறவர்கள் இங்கேயும் இல்லாமல் இல்லை. திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற நல்லாற்றின் கரையில், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறார்கள். குளம் பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பட்டியலில் குளத்துக்கு இடம் உண்டு, வருகிற ஓடைக்கு இல்லை. ஒரு ஞாயிறு நானும் போனேன். அள்ளிக் கொட்டியதில் பாதி, வீட்டுக் குப்பை இல்லை. கட்டிங் வேஸ்ட், நூல் கோன், எலாஸ்டிக் துண்டு, அப்புறம் கட்டுக்கட்டாகப் பாலி பேக். பனியனை மடித்துப் போட்டு ஒட்டுகிற அதே பை. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். சேறு வழித்ததும் சைஸ் ஸ்டிக்கர் தெரிந்தது, எல். கீழே பார்கோடு. பை குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலைந்து மொழியில் எச்சரிக்கை. ஐரோப்பாக் குழந்தைகளுக்கு. இந்த மாதிரிப் பைக்கு எழுத்தளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஓகே பண்ணுகிற உத்தியோகம்தான் எனக்கு. பாலியில் செய்கிற மாதிரி இங்கே எண்ணி எழுதினால், பட்டியலில் சோப்புக் கம்பெனியும் பிஸ்கட் கம்பெனியும் பின்னால்தான் வரும்.

கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் நின்று பார்த்தார்.

"ஏங் கண்ணு, இன்னிக்கு அள்ளிப்போட்டா நாளைக்கு வராதா?"

"வருமுங்க தாத்தா" என்றாள் சாக்கைப் பிடித்திருந்த பெண். "எங்கிருந்து வருதுன்னு பார்க்கத்தானுங்க இறங்கியிருக்கறோம்."

"எங்கிருந்து வருதுன்னு என்னையக் கேட்டா நாஞ் சொல்ல மாட்டனா?" என்றவர், மேலே பாலத்தடி, அதற்கு மேலே ஒரு குடோன் பின்பக்கம், ராத்திரி டெம்போ வந்து நிற்கிற இடம் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் போனில் குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நடந்ததில் உருப்படியான வேலை அதுதான் என்பேன்.

அந்தப் பெண்ணின் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருந்தது. எங்கள் ஊரில் போர்வெல் வைத்திருக்கிற வீட்டிலெல்லாம் இது உண்டு. சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் முக்கி, தேதி, நேரம், மழை பெய்ததா என்று நோட்டில் எழுதிவைக்கிறாள். இதைக் கொண்டுபோய் வழக்குப் போட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் செல்லும். சாக்கடை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை இந்த மீட்டர் சொல்லாது, நிறத்தையும் சொல்லாது. கரைந்த உப்பை மட்டும் சொல்லும். ஆனால் சாயத்தொழிலின் முத்திரையே உப்புதானே. வழக்கமாக ஓர் அளவில் நிற்கிற எண், மழைக்கு மறுநாள் திடீரென்று எகிறினால், மழைத்தண்ணீர் கலந்து குறைய வேண்டியது ஏன் கூடியது என்று கேட்கலாம். எந்தக் கிழமை, எந்த நேரத்தில் வாரியத்துக்குப் போன் போட வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். வியூஸ் வராத வேலை. நோட்டைத் திருப்புவதை யார் ரீல்ஸில் பார்ப்பார்கள்?

இப்போது அவர்கள் நல்லாற்றில், குளத்துக்கு மேலே, ஒரு மிதவைத் தடுப்புப் போட்டுப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். நீர்வளத் துறையில் அனுமதிக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. அனுமதி கிடைத்தாலும், தினமும் காலையில் இறங்கி அள்ள இரண்டு பேருக்குச் சம்பளம் வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் உண்டியல் குலுக்கச் சொல்வது அநியாயம். பாலி பேக் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனிகளிடமே போய்க் கேட்கலாம் என்பது என் யோசனை. என் முதலாளியிடம் இன்னும் பேசவில்லை, இந்தப் பதிவைப் படித்துவிட்டு அவரே கூப்பிட்டாலும் கூப்பிடுவார். பாட்டிலையும் கோனையும் எடுத்துக்கொள்ள ஒரு கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். சேறு படிந்த பாலி பேக்கைக் கழுவித் தந்தால் எடுப்பேன் என்கிறார், அந்தக் கழுவுகிற தண்ணீரை எங்கே விடுவது என்பதில் பேச்சு நிற்கிறது. எலாஸ்டிக்குக்கு ஒருத்தரும் வழி சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் சேர்த்துவிடுகிறேன்.